பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்கும் மாத்திரை

1

நலம் விசாரிப்பதை எல்லாம் அக்காவுக்குத் தனிக் காகிதத்தில் எழுதிவிட்டேன். இது வேறு. மச்சான் கேட்டதற்குப் பதில். ஊர்ச் சாவடியில் வைத்து எல்லாருக்கும் கேட்கும்படி படிக்கவும். படிக்கிறவர் நடுவில் சிரித்தால் பரவாயில்லை. நானே இரண்டு இடத்தில் சிரித்துக்கொண்டுதான் எழுதினேன்.

மச்சான் எழுதியிருந்தது இது. நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மலேரியாக் காய்ச்சல் வராமல் இருக்கக் கொய்னா மாத்திரை கொடுக்கச் சொல்லி ஜில்லா போர்டிலிருந்து தகர டப்பா வந்திருக்கிறது. கொடுக்க வேண்டிய வாத்தியாரே காய்ச்சலில் விழுந்து ராசிபுரத்துக்குப் போய்விட்டார். டப்பா இப்போது மச்சான் பொறுப்பில். "நீங்க அங்க தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல அதே உத்தியோகம் பாக்கறீங்களாமே மாப்ள. அங்கத்திச் சட்டம் என்னன்னு வெவரமா எழுதிப் போடுங்க" என்று கேட்டிருந்தார்.

உத்தியோகம். அந்த வார்த்தையை இரண்டு தரம் படித்தேன். கூட்டுவது, தண்ணீர் தூக்குவது, மணி அடிப்பது, மாத்திரை கொடுப்பது. நாலும் சேர்ந்ததுதான் என் உத்தியோகம்.

பினாங்குக்குக் கப்பல் ஏறிப் பதினாறு வருசம் ஆகிறது. இத்தனை வருசத்தில் ஊரிலிருந்து என்னிடம் குடை கேட்டிருக்கிறார்கள். பேட்டரி லைட் கேட்டிருக்கிறார்கள். யோசனை கேட்டது இதுதான் முதல் தரம். அதனால் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சட்டம் ஏழு. பள்ளிக்கூடத்துச் சுவரில் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறது. அதில் மூன்று டிரசர் போட்டது. டிரசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்கிறவர். டாக்டர் இல்லை, ஆனால் எங்களுக்கு அவர்தான் டாக்டர். மலையாளத்துக்காரர். மீதி நாலு சட்டமும் என்னால் வந்தது. நான் போட்டேன் என்று நினைக்க வேண்டாம். நான் செய்த காரியத்துக்காகப் போட்டார்கள்.

2

நம்ம ஊரில் நான் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் மருந்து கிடையாது. வயிற்றுவலி என்றால் வாத்தியார் "ஊட்டுக்குப் போடா" என்பார். அதற்காகவே எனக்கு வாரத்தில் மூன்று நாள் வயிற்றுவலி வரும். மூன்றாம் கிளாசோடு நின்றேன்.

ஐப்பசியில் காய்ச்சல் வந்தால் வீட்டில் நிலவேம்புக் கசாயம். எங்கள் அய்யன் மூக்கைப் பிடித்து ஊற்றுவார். நான் கன்னத்தில் நிறுத்திக்கொள்வேன். அவர் சொம்பை வைக்கத் திரும்பும்போது பூசணிக்கொடியில் துப்பிவிடுவேன். அந்த வருசம் பூசணிக்குக் காய்ச்சல் வரவில்லை. எனக்கு வந்தது.

இங்கே வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. விடியற்காலையில் பெரட்டு. பெரட்டு என்றால் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. பேர் கூப்பிட்டதும் உள்ளங்கையில் ஒரு கொய்னா வைப்பார்கள். தகரக் குவளையில் தண்ணீர். கங்காணி முன்னால் முழுங்கி வாயைத் திறந்து காட்ட வேண்டும்.

நான் அந்த நேரத்துக்கே இடது கன்னத்தில் வெற்றிலையை அடக்கியிருப்பேன். மாத்திரையை அதற்குள் செருகிவிட்டுத் தண்ணீர் குடிப்பேன். வாயைத் திறந்தால் கங்காணிக்குச் சிவப்புதான் தெரியும். பத்தடி நடந்ததும் துப்பிவிடுவேன். இங்கே மாத்திரை கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து எட்டு வருசம் இப்படி.

காரணம் கேட்டால் சொல்ல வெட்கம். கொய்னா தின்றால் காதுக்குள் வண்டு கத்தும். வெற்றிலை ருசி கெடும். இந்த இரண்டுதான். மீசை இவ்வளவு பெரிது வைத்திருந்தேன். ஒரு மாத்திரைக்குப் பயந்தேன்.

ஆனாலும் காய்ச்சல் வந்தது. தப்பாக எழுதிவிட்டேன். அதனால்தான் காய்ச்சல் வந்தது. வருசத்துக்கு மூன்று தரம். டிரசருக்கு ஒன்றும் புரியவில்லை. மாத்திரையை இரண்டாக்கினார். இரண்டையும் துப்பினேன். மூன்றாக்கினார். வெற்றிலையையும் ஒன்று கூட்டிக்கொண்டேன்.

கடைசியில் அவர் டவுன் ஆஸ்பத்திரிக்கு இங்கிலீசில் காகிதம் எழுதினார். ஒரு வெள்ளைக்கார டாக்டர் மோட்டாரில் வந்தார். என் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். தோட்டத்தை நடத்தும் துரையிடம் என்னவோ சொன்னார். அவர் போன பிறகு டிரசர் என் தோளில் கை வைத்தார்.

"செங்கோடா, உன்னுடையது கொய்னாவுக்கு அடங்காத உடம்பு. ஆயிரத்தில் ஒண்ணு."

வீட்டுக்கு வந்து சம்சாரத்திடம் சொன்னேன். அத்தாயி அதை லயம் முழுக்கச் சொன்னாள். லயம் என்றால் ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடு. கள்ளுக்கடையில் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தர் "அடங்காத ஒடம்புங்களா, வாங்க" என்றார். இரண்டு வாரம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். அடிக்கடி காய்ச்சல் வந்து வயிற்றில் கட்டி விழுந்திருந்ததால் அதற்கு மேல் நிமிர முடியவில்லை.

அந்தக் கட்டியோடு ரப்பர்ப் பால் வாளி தூக்க முடியாது. லேசான வேலை கொடுக்கச் சொல்லி டிரசர் சீட்டு எழுதினார். அப்படித்தான் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். மச்சான் சொல்லும் உத்தியோகம் கிடைத்த விதம் இது.

3

பள்ளிக்கூடத்தில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். ஒரே வாத்தியார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பத்து மணிக்குக் கஞ்சி ஊற்றி, கஞ்சி குடித்த வாய் காய்வதற்குள் மாத்திரை. வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி. இது டிரசரின் முதல் சட்டம். இரண்டாவது, ரெஜிஸ்டரில் உள்ள பேரைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்து, பேருக்கு நேராகக் கோடு போட வேண்டும். மூன்றாவது, வீட்டு மருந்து எதுவும் பள்ளிக்கூடத்துக்குள் வரக்கூடாது.

வேலையில் நான் கெட்டிக்காரன். பெருமைக்குச் சொல்லவில்லை. மாத்திரையை எங்கெங்கே ஒளிக்கலாம் என்று தோட்டத்தில் என்னைவிடத் தெரிந்தவர் இல்லை.

"நாக்கத் தூக்கு கண்ணு."

"முழுங்கிட்டேனுங்க."

"மேல் உதட்டுக்கடியில இருக்கறத முழுங்கு சாமி."

பிள்ளை முழிக்கும். பிறகு முழுங்கும். முதல் மாதத்தில் இருபது பேரைப் பிடித்தேன். இரண்டாம் மாதத்திலேயே பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் பாதியாகக் குறைந்தது. டிரசர் துரையிடமே என்னைப் பற்றிச் சொன்னாராம். காலையில் பெரட்டில் நான் துப்புவேன். பத்து மணிக்குப் பிள்ளைகளை முழுங்க வைப்பேன். அந்த ஐந்து மணி நேரத்தில் எனக்கு ஒரு தரம்கூடக் கூச்சம் வரவில்லை.

தகராறு ஒரே ஒரு பிள்ளையிடம் வந்தது. என் பிள்ளை.

கல்யாணமாகி எட்டு வருசம் கழித்துப் பிறந்தவள். ஒன்றே ஒன்று. எங்கள் ஆத்தா பேரை வைத்தோம், பாவாயி என்று. நம்ம பக்கத்து வழக்கம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெற்றவள் பேரை நான் எப்படி வாய்விட்டுக் கூப்பிடுவது? மாமியார் பேரை அத்தாயி எப்படிச் சொல்வாள்? வீட்டில் அம்மணி என்றுதான் கூப்பிடுவோம். ஒன்பது வயசு வரைக்கும் என் வாயால் அவள் பேரை நான் சொன்னதில்லை. வாத்தியார் கூப்பிடுவார். கங்காணி கூப்பிடுவார். சீனன் கடைக்காரன் கூப்பிடுவான். எனக்கு மட்டும் வராது.

அவளுக்கு இதெல்லாம் புரியாது. ஊர் என்றால் அவளுக்கு இந்தத் தோட்டம்தான். சேலத்தைப் பற்றிச் சொன்னால், "அங்க ரப்பர் மரம் எத்தனை நிக்கும்?" என்று கேட்பாள். இல்லை என்றால், "அப்ப எல்லாரும் என்ன வேலைக்குப் போவாங்க?" என்பாள். செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை தூக்கியவன் நான். கம்பங்கொல்லையையும் கடலைக்காட்டையும் அவளுக்கு எதைக் காட்டிச் சொல்வது? கடைக்காரனிடம் மலாயில் பேசுவாள். எனக்குத் துபாசி அவள்தான்.

முதல் வாரம் ரெஜிஸ்டரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டேன். அவள் பேர் வந்தது. "அம்மணி, வா" என்றேன்.

மூன்று பிள்ளைகள் எழுந்து வந்தார்கள். லயத்தில் பாதிப்பேர் நம்ம பக்கத்து ஆட்கள். வீட்டுக்கு வீடு ஒரு அம்மணி.

அன்றைக்குப் பார்த்து டிரசர் வாசலில் நின்றார். "ரெஜிஸ்டரில் அம்மணி என்று பேர் இருக்கிறதா?" என்றார்.

"இல்லைங்க."

"பேரைக் கூப்பிடு. இப்படிக் கூப்பிட்டால் ஒருத்திக்கு இரண்டு போகும். ஒருத்திக்கு ஒண்ணும் போகாது."

மறுநாள் கூப்பிடப் பார்த்தேன். பா என்று வந்தது. அதற்கு மேல் வரவில்லை. ஆத்தா செத்தபோதுகூட நான் ஊரில் இல்லை. காகிதத்தில்தான் சேதி வந்தது. அந்தப் பேரை மாத்திரை வாங்க வா என்று நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் சத்தம் போட்டுக் கூப்பிட வாய் வரவில்லை.

வாத்தியார் பார்த்தார். "என்னய்யா நின்னுட்டே?"

"இவளுக்கு நான் ஊட்டுல குடுத்துக்கறேனுங்க."

"உன் பொண்ணு. உன் இஷ்டம்."

கோட்டைப் போட்டேன். மாத்திரையை வேட்டி முடிச்சில் கட்டினேன். சாயங்காலம் அத்தாயி கையில் கொடுத்தேன். சோறு போட்டதும் அவள் பிள்ளைக்குக் கொடுப்பாள். இப்படி அறுபத்து மூன்று நாள். அறுபத்து மூன்று கோடு. நேராக, அழகாக இருக்கும்.

4

மழைக்காலம். பிள்ளைகள் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். சத்தம் நின்றது. பிறகு வாத்தியார் கத்தினார்.

அம்மணி பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தாள். பல் கிட்டியிருந்தது. கை வெட்டி வெட்டி இழுத்தது. தொட்டால் சுட்டது. தூக்கிக்கொண்டு ஓடினேன். வயிற்றுக் கட்டி அப்போது எங்கே போயிற்றோ தெரியாது.

டிரசர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். "கொய்னா தவறாமல் சாப்பிட்டாளா?"

"ஆமாங்க."

ரெஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். வாத்தியாரே கொண்டுவந்தார். டிரசர் என் கோடுகளை விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஒன்றுகூட விடுபடவில்லை.

"தினமும் சாப்பிடுகிற பிள்ளைக்கு மலேரியா இவ்வளவு தூரம் ஏறாது. இது மூளைக் காய்ச்சல். இல்லாவிட்டால் உன்னைப் போல இவளும் அடங்காத உடம்பு. எப்படியும் கொய்னாவால் பிரயோசனம் இல்லை. டவுனுக்குத்தான் போக வேண்டும்."

டவுனுக்கு ரப்பர் லாரியில் நாலு மணி நேரம். மழையில் பாலம் இருக்கிறதோ இல்லையோ. ரத்தத்தைப் பார்க்கும் கண்ணாடி அங்கேதான் இருக்கிறது. லாரிக்கு ஆள் ஓடியது.

அத்தாயி களைவெட்டிலிருந்து மண்வெட்டியோடு வந்து நின்றாள். அழவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, மாத்தரையைத் தெனமும் கையில குடுத்தேன். முழுங்கிட்டேன்னு சொன்னா. வாயத் தொறக்கச் சொல்லி நான் பாக்கலைங்க."

"ஒருநாள்கூடவா?"

"நீங்க பள்ளிக்கூடத்துல பாக்கறவரு. ஊட்டுல நான் வேறயா பாக்கோணும்னு யாரு சொன்னாங்க?"

அவள் சொன்னது நியாயம். நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். எங்கள் லயம் தரையில் கட்டினது இல்லை. கட்டை நட்டு, இடுப்பு உயரத்தில் பலகை அடித்தது. பலகைக்குப் பலகை விரல் நுழையும் இடுக்கு இருக்கும். வழியெல்லாம் ஒன்றே ஒன்றுதான் யோசித்தேன். நானாக இருந்தால் எங்கே துப்புவேன்?

யோசிக்க வேண்டியதே இல்லை. நான் துப்பும் இடம் எனக்குத் தெரியும். சுவர் ஓரம், சோறு தின்ன உட்காரும் இடத்துக்குப் பக்கத்து இடுக்கு. சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டால் எழுந்து வாசலுக்குப் போகச் சோம்பல். அந்த இடுக்கில்தான் துப்புவேன்.

வீட்டுக்கு அடியில் குனிந்து போனேன். என் வெற்றிலைச் சாறு மண்ணைச் சிவப்பாக்கி வைத்திருந்தது. அந்தச் சிவப்புக்கு நடுவில் வெள்ளையாக ஒரு குவியல். பாதி கரைந்து மாவாகக் கிடந்தது. மேலே கிடந்த நாலைந்து முழுசாக இருந்தன. கோழிகள் சுற்றிலும் கிளறியிருந்தன. அதை மட்டும் தொடவில்லை.

5

ஒரு கை அள்ளிக்கொண்டு திரும்பினேன். இப்போது வழியில் வேறு யோசனை. சொன்னால் வேலை போகும். ரெஜிஸ்டரில் பொய்க்கோடு போட்டவனைத் துரை வைத்திருக்க மாட்டார். களைவெட்டுக்கும் லாயக்கில்லாத உடம்பு. கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்புவார்கள். சொல்லாவிட்டால் பிள்ளைக்குக் கொய்னா ஊசி போட மாட்டார்கள். லாரியில் ஏற்றுவார்கள். இதில் யோசிக்க ஒன்றும் இல்லைதான். ஆனாலும் ஆஸ்பத்திரிப் படியில் ஒரு நிமிசம் நின்றேன். அந்த ஒரு நிமிசத்தையும் எழுதத்தான் வேண்டும்.

லாரி வாசலுக்கு வந்துவிட்டது. பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

கையை விரித்தேன். "டிரசர் ஐயா, புள்ளை ஒரு மாத்தரைகூட முழுங்கலைங்க."

அவர் என் கையைப் பார்த்தார். சிவப்பும் வெள்ளையுமாகச் சேறு. "ரெஜிஸ்டரில் கோடு இருக்கிறதே?"

"பொய்ங்க. ஊட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்தேன். அவ துப்பிப்போட்டா."

"உன்னைப் போல அடங்காத உடம்பு என்று நினைத்தேன்."

அதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அதுதான் கஷ்டமாக இருந்தது. முன்னதைவிடக் கஷ்டம்.

"என்ற ஒடம்பும் அடங்கற ஒடம்புதானுங்க. எட்டு வருசமா நானும் துப்பித்தான் போட்டேன். வெத்தலையில வெச்சு."

வாத்தியார் "அடப்பாவி" என்றார். டிரசர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய் ஊசியில் கொய்னாவை ஏற்றிக்கொண்டு வந்தார். லாரியைத் திரும்பப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

மூன்று நாள் ஊசி. இரண்டாம் நாள் இழுப்பு நின்றது. நாலாம் நாள் மத்தியானம் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டாள். அத்தாயி அப்போதுதான் அழுதாள்.

நான் பக்கத்தில் போய்க் கேட்டேன். "ஏஞ்சாமி அங்க துப்பினே?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கேட்டது அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லை. மறுபடி கேட்டேன்.

"நீங்க துப்பற எடந்தானேப்பா. துப்பற எடம்னு நெனச்சேன்."

கள்ளத்தனமாகச் சொல்லவில்லை. நிசமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.

6

துரை விசாரணை வைத்தார். ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி எல்லாவற்றையும் எழுதினார். அவருக்குத்தான் அதிகச் சிரமம். எட்டு வருசம் துப்பினதற்கு எந்தப் புத்தகத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. டிரசர் டவுனுக்கு இன்னொரு இங்கிலீசுக் காகிதம் அனுப்பினார், முன்பு எழுதினது சரியில்லை என்று. அவருக்கு அது எவ்வளவு அவமானம் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் நான் அவர் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை.

கள்ளுக்கடையில் இடம் விடுவது நின்றது. "அடங்கின ஒடம்புங்களா, அக்கட்டால நவுருங்க" என்கிறார்கள்.

என்னை அனுப்பிவிடத்தான் துரை நினைத்தார். டிரசர் தடுத்தார். "இவனை அனுப்பினால் இன்னொருவன் வருவான். அவனுக்கு மாத்திரை எங்கே ஒளியும் என்று தெரியாது. இவன் இருக்கட்டும். சட்டத்தை மாற்றுவோம்" என்றாராம்.

அந்த நாலு சட்டத்தையும் மச்சான் குறித்துக்கொள்ளவும். ஒரு மாத்திரையும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டக்கூடாது, கொடுக்கிறவன் பிள்ளைக்கும் அங்கேதான். வாய்க்குள் பார்த்த பிறகுதான் கோடு, முன்னால் போட்டால் அது கோடு இல்லை. ரெஜிஸ்டரில் என்ன பேர் இருக்கிறதோ அதைச் சத்தமாகக் கூப்பிட வேண்டும், யாருக்கும் விதிவிலக்கு இல்லை. கடைசி, கொடுக்கிறவன் முதலில் முழுங்க வேண்டும். பிள்ளைகள் முன்னால், வெறும் வாயோடு, இன்னொருத்தர் கையால்.

அந்த இன்னொருத்தர் யார் என்று பேச்சு வந்தது. வாத்தியாருக்கு நேரமில்லை. நாலாம் கிளாசில் எழுத்துக் கூட்டாமல் படிக்கிறவள் ஒருத்திதான். ரெஜிஸ்டர் அவள் கைக்குப் போயிற்று. முதல் வரியில் என் பேரை எழுதினார்கள்.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் நாள். கஞ்சி முடிந்தது. ரெஜிஸ்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தயங்கவே இல்லை.

"செங்கோடன்!"

நாற்பது பிள்ளைகளும் என் பக்கம் திரும்பினார்கள். பெற்ற பிள்ளை அப்பன் பேரை மொட்டையாகக் கூப்பிடுகிறது. கல்யாணமான நாளாக அத்தாயி ஒரு தரம் சொல்லாத பேர். எனக்கு முதுகில் வேர்த்தது. எழுந்து போனேன்.

"வாயத் தொறங்க."

திறந்தேன்.

"வெத்தலையத் துப்பிப்போட்டு வாங்கப்பா. வெளிய போய்."

பள்ளிக்கூடம் சிரித்தது. வாத்தியார் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே போய்த் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு வந்தேன். முழுங்கினேன். எட்டு வருசத்தில் ஒழுங்காக முழுங்கின முதல் மாத்திரை. கசப்பு நான் நினைத்த அளவுக்கு இல்லை. நாக்கைத் தூக்கச் சொல்லி இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு கோடு போட்டாள்.

சாயங்காலம் வீட்டில் கேட்டேன். "அப்பன் பேரைச் சொல்லறமேன்னு ஒனக்கு ஒண்ணும் தோணலையா அம்மணி?"

"ரெஜிஸ்டர்ல இருக்குதேப்பா" என்றாள். அவ்வளவுதான். இதற்கு மேல் அவளிடம் என்ன கேட்பது?

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நான் முழுங்கினதும் ரெஜிஸ்டரும் டப்பாவும் என் கைக்கு வந்தன. மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். அவள் பேர் வந்தது. ஆத்தாவை மனசில் நினைத்துக்கொண்டு சொன்னேன். "பாவாயி."

வந்துவிட்டது. ஆனால் அவள் திரும்பவில்லை. காய்ச்சலோ, ஊசியோ, அவளுக்கு இடது காது மந்தமாகிவிட்டது. போகப் போகச் சரியாகும் என்றார் டிரசர். ஆகவில்லை. கொய்னா தின்றால் காதுக்குள் வண்டு கத்தும் என்று நான் பயந்தேனே, அந்த வண்டு அவளிடம் போய்க் குடியேறிவிட்டது.

"பாவாயி" என்றேன். கொஞ்சம் சத்தமாக. அப்போதும் திரும்பவில்லை. மூன்றாம் தரம் அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டேன். லயம் வரைக்கும் கேட்டதாம். களைவெட்டில் இருந்த அத்தாயி மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாளாம்.

இப்போது இரண்டு வருசம் ஆகிறது. தினமும் பத்து மணிக்கு எங்கள் ஆத்தா பேரைத் தோட்டம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுகிறேன். சில நாள் ஒரே தரத்தில் திரும்புவாள். சில நாள் நாலு தரம். ஆத்தா இதுவரைக்கும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பிள்ளைக்கு அதற்குப் பிறகு காய்ச்சல் வரவில்லை. என் வயிற்றுக் கட்டியும் பாதி கரைந்துவிட்டது. மீசைதான் நரைத்துவிட்டது.

மச்சானுக்கு ஒரு சங்கதி. உங்கள் பையனுக்கு உங்கள் அய்யன் பேரை வைத்திருக்கிறீர்கள். வையாபுரி. நீங்களும் அவனைச் சாமி என்றுதான் கூப்பிடுவீர்கள், எனக்குத் தெரியும். நீங்கள் ஆஸ்தி உள்ளவர், அவன் ஒரே ஆண்பிள்ளை, மாத்திரையை வீட்டில் கொடுத்துக்கொள்ளலாம் என்று உங்களுக்கும் தோன்றும். வேண்டாம். டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் கடலைக்காட்டுக்குப் போங்கள். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அந்தப் பேரைச் சத்தமாகக் கூப்பிட்டுப் பழகுங்கள். முதல் நாள் வராது. நாலைந்து நாளில் வந்துவிடும்.

அப்புறம் உங்கள் வாயில் மாத்திரை போடவும் ஓர் ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கா வேண்டாம். அக்காவுக்கு உங்கள் பேர் வாயில் வராது.